14 மாத்திரைகள் இருந்தன, ஒரு சுருள் தாள் இல்லை

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் முன்பெல்லாம் என்ன நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சோடா, பிறகு ஓமத் தண்ணீர், அதற்கும் அடங்காவிட்டால் மீன் வண்டியில் படுக்கவைத்து ராமநாதபுரம். அங்கே மதுரைக்குக் கைகாட்டுவார்கள். என் அப்பா பரமக்குடி தாண்டும் முன்பே கண்ணை மூடினார்.

இந்த முறை பெரியப்பாவுக்கு அதே வலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ், டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு 14 மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் கொட்டினார். ரத்தம் கட்டியாகாமல் தடுக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டாடின் 8. 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் மருந்து. அப்பா காலத்தில் இது இருந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

அடுத்த நிமிடமே வயிறெரிந்தது. இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் ஈசிஜி கருவி பளபளவென்று நிற்கிறது. வெளிநாட்டுவாழ் அன்பர்கள் அன்பளிப்பு என்று பித்தளைத் தகடு வேறு. உள்ளே தாள் இல்லை! தீர்ந்து மாதக்கணக்காகிறதாம். அந்தக் கருவிக்கான சுருள் உள்ளூரில் கிடைக்காது, வாங்கிவருவது யார் பொறுப்பும் இல்லை. நர்ஸ் திரையில் ஓடிய கோடுகளைத் தன் போனில் படம்பிடித்து டாக்டருக்கு அனுப்பினார். ஒரு நேரத்தில் மூன்று கோடுகள்தான் தெரியும். ஈசிஜிக்கு வேண்டிய பன்னிரண்டு கோடுகளும் வரும்வரை பெரியப்பா அசையாமல் கிடக்க வேண்டும். மார்பில் ஒட்டிய கிண்ணங்கள் வியர்வையில் நழுவி நழுவி விழுந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியம்மாவின் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

சிங்கப்பூரில் 995ஐ அழைத்தால் ஆம்புலன்சிலேயே ஈசிஜி எடுத்து, வண்டி போய்ச் சேரும் முன் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குக் கோடிகள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். தாளுக்குமா?

108 வந்தது, ராமநாதபுரத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள், மதுரையில் ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். பெரியப்பா நலமாக இருக்கிறார்.

கிளம்பும் முன் அந்த நர்ஸைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். தாள், ஜெல், உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போன ஒயர்களுக்கு மாற்று, பழுதானால் வந்து பார்க்க ஓர் ஆள். இவ்வளவுதான் கேட்டார். கருவி வாங்கித் தர வெளிநாட்டில் உள்ள நம் சங்கங்களில் எப்போதும் ஆள் உண்டு. வருடா வருடம் இந்தச் செலவை ஏற்றுக்கொள்ளக்கூடியவர்கள் எனக்கு எழுதுங்கள். தகட்டில் பெயர் வராது.