வேக்யூம் டேபிள் வாங்கலாமா என்று கேட்டவருக்கு

பம்பு ரிப்பேர் முடிந்து நேற்றுதான் வந்தது. வந்த கையோடு, கோவையில் நகை காஸ்டிங் (வார்ப்பு) பட்டறை போடப்போகும் நண்பர் போன் செய்தார்: "உங்ககிட்ட இருக்கிற வேக்யூம் டேபிளையே நானும் வாங்கட்டுங்களா?" மேலே கவிழ்க்கும் பெல் ஜார் மூடி, குலுக்கிவிடும் வைப்ரேட்டர், அடியில் காற்றை இழுக்கும் ரோட்டரி பம்பு. மெழுகில் செய்த நகை மாதிரியைச் சுற்றி அச்சுக் கலவையை ஊற்றி, அது இறுகியதும் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்கம் ஊற்றுவோம்; அந்தக் கலவையிலிருக்கும் காற்றை இழுத்தெடுக்கத்தான் இந்த டேபிள். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சாமான்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் இதை இறக்கிய பிறகு, திருச்சூருக்குப் போகும் கம்மல், மோதிரங்களில் கடுகு ஒட்டியதுபோல வரும் மணிகள் ஏறக்குறைய நின்றுபோயின. மெழுகின்மேல் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் தங்கம் போய் உட்காரும். வெளிப்பக்கம் என்றால் அரம் போட்டு ராவிவிடலாம். கல் பதிக்கும் குழிக்குள் விழுந்த மணியை என்ன செய்வது? அந்த ஒரு நிம்மதிக்கே இதற்குக் கொடுத்த காசு தகும்.

கலக்குவதில் என் பழக்கம் இது: நூறு பங்கு இன்வெஸ்ட்மெண்ட் பவுடருக்கு (அச்சுக் கலவைக்கான மாவு) நாற்பது பங்கு தண்ணீர், இரண்டும் எடை போட்டு. தண்ணீரில்தான் பவுடரைக் கொட்டவேண்டும். பவுடரில் சிலிக்கா இருப்பதால் மாஸ்க் இல்லாமல் மூட்டையைத் திறக்கவே கூடாது. தண்ணீர் 21 முதல் 24 டிகிரிக்குள் இருக்கவேண்டும். சித்திரையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும், அதில் கலக்கினால் சீக்கிரம் இறுகிவிடும். டிஸ்டில்டு வாட்டரை ஃபிரிட்ஜில் வைத்து அளவுக்குக் கொண்டுவருகிறேன். பவுடர் தண்ணீரைத் தொட்டதிலிருந்து ஒன்பது நிமிடத்துக்குள் கலக்கி, வேக்யூம் போட்டு, மெழுகு மாதிரி நிற்கும் ஃபிளாஸ்கில் (உலோகக் குழாய்) ஊற்றி, மறுபடி வேக்யூம் போட்டு முடிக்கவேண்டும். அப்புறம் ஒரு மணி நேரமாவது ஃபிளாஸ்கை அசைக்கக்கூடாது.

இந்த ஒன்பது நிமிடத்தில்தான் பம்பு கழுத்தை அறுக்கிறது.

நல்ல வேக்யூமில் தண்ணீர் அறைச் சூட்டிலேயே கொதிக்கும். கலவை பொங்கி எழும்பி, உடைந்து, கீழே இறங்கிக் கொதிக்கவேண்டும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை. ஆனால் கொதிக்கும்போது கிளம்பும் ஆவி எங்கே போகிறது? நேராகப் பம்பு எண்ணெய்க்குள். எண்ணெய் வெளுத்துக் குழம்பிவிட்டால் இழுக்கும் சக்தி போய்விடும். கலவை பொங்கி மேலே நின்றுகொண்டே இருக்கும், இறங்காது. வேக்யூம் அளவு காட்டும் கேஜ் முள்ளோ எல்லாம் சரி என்கிறது! முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் ஓடி, கலவை இறுக ஆரம்பித்துவிடும். இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் காற்றிலேயே ஈரம், எண்ணெய் இன்னும் சீக்கிரம் கெடுகிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பம்பில் கேஸ் பல்லாஸ்ட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. வேலை முடிந்ததும் பெல் ஜார் பக்கத்தை அடைத்துவிட்டு, அதைத் திறந்து கொஞ்ச நேரம் பம்பைச் சூடாக ஓடவிட்டால், உள்ளே புகும் காற்றோடு ஆவி வெளியேறிவிடும். கூட வந்த புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. விற்றவரும் சொல்லவில்லை. ஈரக் கலவையிலிருந்து காற்றை இழுக்கவே வாங்கும் மெஷினுக்கு ஈரம் பிடிக்கும் டிராப் ஒன்று வைத்துக் கொடுக்க என்ன கேடு? இப்போது பம்புக்குள் சுழலும் தகடு (வேன்) தேய்ந்து, அதை மாற்றி, கூலியும் கொடுத்து, கையிலிருந்த ஆர்டரும் தள்ளிப்போனது.

டேபிள்மேல் குறை சொல்ல முடியாது. ரப்பர் கேஸ்கெட் இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது, வைப்ரேட்டர் ஒரு நாளும் நின்றதில்லை. வேலை சுத்தம். இருந்தாலும் இன்றைக்கு என்னிடம் கேட்டால், இந்தப் பம்போடு சேர்த்து வாங்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்றால், பம்பு எண்ணெய் இரண்டு கேன் சேர்த்து வாங்கி வையுங்கள், பல்லாஸ்ட் வால்வு எங்கே இருக்கிறது என்று விற்பவரையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.