பச்சை உணவு: முழு நாளா, அரை நாளா, ஒரு வேளையா?

சமைக்காத உணவை ஏழு மாதம் முழுசாகக் கடைப்பிடித்தேன். அப்புறம் ஒன்றரை வருடம், மாலைவரை பச்சை, இரவில் சமையல். இப்போது நாளைக்கு ஒரு வேளை மட்டும் பச்சை, அதுவும் மூன்றாவது வருடத்தில் இருக்கிறது. மூன்றையும் வாழ்ந்து பார்த்தவள் என்ற முறையில், ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வேலைக்குப் போய், களைத்துத் திரும்பி, பாத்திரம் கழுவிப் படுக்கிற ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எது தாக்குப்பிடிக்கும் என்பதுதான் என் அளவுகோல்.

வரையறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சை உணவுக்காரர்களில் பெரும்பாலோர் 40 முதல் 48 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டை ஒத்துக்கொள்கிறார்கள். அதைத் தாண்டினால் சமைத்த உணவு. காரணம் கேட்டால் என்சைம் (உடலிலும் காயிலும் வேதிமாற்றங்களைத் தூண்டும் பொருள்) என்பார்கள்: சூடாக்கினால் காயிலுள்ள என்சைம் செயலிழக்கும், அது இருந்தால்தான் நமக்குச் செரிக்கும் என்று. முதல் பாதி உண்மை. ஆனால் என்சைம்கள் புரதங்கள். வயிற்று அமிலத்தில் அவை பெரும்பாலும் சிதைந்துவிடும். செரிமானத்துக்குத் தேவையான என்சைம்களைப் பெரும்பாலும் நம் கணையமே சுரக்கிறது.

காயின் என்சைம் நிஜமாக வேலை செய்யும் இடம் நறுக்கும் பலகை. பூண்டை நசுக்கியதும் அதன் செல்கள் உடைந்து, என்சைம் அல்லிசினை, அதாவது பூண்டின் கார வாசத்தைத் தரும் சேர்மத்தை, உருவாக்குகிறது. முட்டைக்கோஸையும் ப்ரோக்கோலியையும் நறுக்கும்போதும் இப்படித்தான் பயனுள்ள சேர்மங்கள் பிறக்கின்றன. அதனால் பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவைத்து அப்புறம் அடுப்பில் போட்டால், சமைத்தாலும் பலனில் ஒரு பங்கு தங்கும். முழுப் பச்சைக் காலத்தில் இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடுப்பை அவ்வளவு பகைத்திருக்க மாட்டேன்.

முழுப் பச்சை

இதன் முதல் சிக்கல் கணக்கு. ஒருவருக்கு நாளைக்கு 2000 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் தக்காளியில் ஏறத்தாழ 18 கலோரி, கேரட்டில் 41. தக்காளியால் மட்டும் அந்த 2000-ஐ நிரப்ப 11 கிலோ வேண்டும். கேரட் என்றால் கிட்டத்தட்ட 5 கிலோ. யாராலும் முடியாது. ஆகவே முழுப் பச்சைக்காரரின் தட்டில் சாலட்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஆளைத் தாங்குவது பழமும் கொட்டைகளும்தான். 100 கிராம் பாதாமில் 580 கலோரிக்குப் பக்கம் வருகிறது. (கடையில் 'பச்சை' என்று விற்கும் முந்திரியைக் கூட ஓட்டிலுள்ள அரிக்கும் எண்ணெய் போக ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் பொதுவாக உடைக்கிறார்கள். கண்டிப்பாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

இரண்டாவது சிக்கலை யாரும் எனக்குச் சொல்லவில்லை: மெல்லுதல். இரண்டாவது வாரம் என் தாடை, காதுக்குக் கீழே, கொட்டாவி விட்டால்கூட வலித்தது. மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸும் கேரட்டும் நிறைந்த ஒரு பெரிய கிண்ணத்தைக் காலி செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு மதிய இடைவேளையே அரை மணி நேரம்தான். அவசரத்தில் பாதி மென்று விழுங்கினால் சாயந்தரம் வரை வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். சிம்பன்சிகள் நாளில் ஆறு மணி நேரத்தை மெல்லுவதிலேயே கழிக்கின்றன என்றும், நெருப்புதான் மனிதனுக்கு அந்த நேரத்தை மீட்டுக் கொடுத்தது என்றும் மானுடவியலாளர் ரிச்சர்ட் ராங்கம் வாதிடுகிறார். அந்த வாரம் அது எனக்குத் தாடையிலேயே புரிந்தது.

நல்லது நடக்கவில்லையா என்றால், நடந்தது. மலச்சிக்கல் போனது. எடை குறைந்தது. பண்டங்கள்மேல் இருந்த நமைச்சல் மூன்றாவது வாரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் எடை குறைவது நிற்கவில்லை. ஆறாவது மாதம் மாதவிலக்கு வரவில்லை, ஏழாவதிலும் வரவில்லை. மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடுறீங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு அடுப்பைப் பற்றவைத்தேன்.

பிறகு தேடிப் படித்தபோது, இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று தெரிந்தது. ஜெர்மனியின் கீசன் நகர ஆய்வாளர்கள், நீண்டகாலமாகப் பச்சை உணவில் இருந்த 513 பேரைப் பற்றி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது. பச்சையின் பங்கு கூடக்கூட இந்தப் பாதிப்பும் கூடியது. பச்சை உணவுக்காரர்களைப் பற்றி 2005-இல் வெளியான இன்னொரு ஆய்வில் கெட்ட கொழுப்பு அருமையாகக் குறைந்திருந்தது. ஆனால் நல்ல கொழுப்பும் குறைந்திருந்தது, 38 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. தாவர உணவை மட்டும் பச்சையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 மாத்திரை கட்டாயம். முளைகட்டிய பயறோ கீரையோ அந்த இடத்தை நிரப்பாது.

இன்னொன்று, என் தங்கை. அவள் வீட்டுக்குப் போனபோது, "அக்கா, உனக்குன்னு தனியா நறுக்கி வச்சிருக்கேன்" என்று இரண்டு தட்டு நிறையக் காய் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் எல்லோருக்கும் சமைத்துவிட்டு, எனக்காக இன்னொரு மணி நேரம் நின்றுகொண்டு நறுக்கியிருக்கிறாள். முழுப் பச்சை என்பது நாம் மட்டும் எடுக்கும் முடிவு. சுமப்பது கூட இருப்பவர்களும்தான்.

மாலைவரை பச்சை

காலையில் பழமும் ஊறவைத்த பாதாமும், மதியம் பெரிய சாலட், இரவில் சமைத்த சாப்பாடு. எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி பருப்பும் பீன்ஸும் திரும்பி வந்தது. சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாக நான்கைந்து தின்றாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். அதிலுள்ள நச்சு லெக்டின் குறைந்த சூட்டில் அழியாது. ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். இப்படி அடுப்பைக் கேட்கிற உணவுகள் உண்டு. பசலைக் கீரையை வேகவைத்து வடித்தால், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் கணிசமாகக் குறையும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அது முக்கியம்.

தக்காளி இரு பக்கமும் பேசும். 88 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் வைட்டமின் சி 29 சதவீதம் போனது. ஆனால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் சத்தான லைகோபீன் இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. பச்சைக்காரர் சொல்வதும் உண்மை, சமையல்காரர் சொல்வதும் உண்மை. மதியம் நறுக்கியும் இரவில் வேகவைத்தும் சாப்பிடும் வாய்ப்பு இந்த முறையில்தான் இருக்கிறது.

இதன் உயிர் மதிய டப்பாவில் இருக்கிறது. முதல் சில வாரம் காலையிலேயே உப்பும் எலுமிச்சையும் கலந்து மூடிக்கொண்டு போனேன். ஒரு மணிக்குத் திறந்தால் அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர், மேலே துவண்ட இலை. உப்பு காயிலிருந்து நீரை இழுத்துவிடும். இப்போது செய்வது: அடியில் கேரட், முட்டைக்கோஸ் மாதிரி கெட்டியானவை, நடுவில் பயறு, மேலே துடைத்து ஈரமில்லாத இலை. உப்பு, எலுமிச்சை, ஒரு கரண்டி எண்ணெய் எல்லாம் தனிச் சின்னக் குப்பியில். எண்ணெயை வீணாக நினைக்காதீர்கள். கேரட்டிலும் இலையிலும் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறச் சத்துகளை உடல் எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும்.

இந்த முறை உடைவது மாலை ஆறு மணிக்கு. பகல் முழுக்க லேசாகச் சாப்பிட்டவருக்கு வீட்டுக்கு வரும் வழியிலேயே பசி கண்ணை மறைக்கும், இரவுச் சாப்பாடு இரண்டு மடங்காகும். நாலு மணிக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி கொட்டையும் என்று வைத்தபின்தான் எனக்கு இந்தப் பசி அடங்கியது. தனியாக இருப்பவர்களுக்கும், டப்பா கட்ட நேரமுள்ளவர்களுக்கும் நல்ல வழி. நான் விட்டதற்குக் காரணம் வேலை மாறி அலைச்சல் கூடியதுதான்.

தட்டில் பாதி

ஒவ்வொரு வேளையும் பாதித் தட்டு பச்சை என்பதையும் பலர் சொல்வார்கள். ஒரு மாதம் செய்தேன். முதல் வாரம் பாதி, இரண்டாவது வாரம் கால், மூன்றாவது வாரம் ஓரத்தில் இரண்டு வெள்ளரித் துண்டு. விகிதத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. வேளையை ஏமாற்ற முடியாது: சாப்பிட்டோமா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஒரு வேளை

எந்த வேளை? நான் காலையைப் பிடித்தேன். காலை என்பது அநேகமாக யாரும் விருந்துக்குக் கூப்பிடாத வேளை, கூட்டமும் பயணமும் நாளைக் குலைக்காத வேளை. வெறும் பழத்தோடு நிறுத்தினால் பத்து மணிக்கே பசிக்கும். அதனால் முளைகட்டிய பயறு, துருவிய கேரட், வெள்ளரி, ஊறவைத்த பாதாம், கடைசியில் ஒரு பழம். நறுக்கிச் சாப்பிட்டு முடிக்க நாற்பது நிமிடம். மற்ற இரண்டு வேளையும் வீட்டில் எல்லோருக்கும் ஆவது எனக்கும். முழுப் பச்சையில் கிடைத்த லேசான உணர்வு இதில் முழுசாகக் கிடைக்காது, மறைக்கவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் விட்டுப்போகாமல் நடந்தது எனக்கு இது ஒன்றுதான். குடும்பத்தோடு இருப்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

மூன்று முறைக்கும் பொதுவான எச்சரிக்கை முளைகட்டிய தானியம். முளை விடத் தேவையான இளஞ்சூடும் ஈரமும் கிருமிக்கும் தோதானவை. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலை என்ற பாக்டீரியாத் தொற்றில் கிட்டத்தட்ட 4000 பேர் நோயுற்றார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் முளையை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பழமும் காயும் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு முழுப் பச்சைதான் என்பவர்களைத் தடுக்க மாட்டேன். அந்த ஆசை எனக்கும் இருந்தது. பி12 மாத்திரையை முதல் நாளே தொடங்குங்கள். வாரம் ஒரு முறை எடையை எழுதுங்கள். மூன்று மாதத்தில் ரத்தப் பரிசோதனை. பெண்கள் மாதவிலக்கு ஒரு முறை தவறினாலே மருத்துவரிடம் போய்விடுங்கள். நான் இரண்டாவது முறை தவறும்வரை காத்திருந்தேன்.