ரீப்பரோடு ஆறு வருடம்: பாட்டை அடுக்குவதும் வெட்டுவதும்

கணினியில் பாட்டைப் பதிவு செய்து தொகுக்கும் மென்பொருளான ரீப்பரின் ஆறாம் பதிப்பு 2019 டிசம்பரில் வந்தது. அதற்குச் சில மாதங்கள் கழித்து நான் அதைப் போட்டுக்கொண்டேன். பக்திப் பாடல்கள், பள்ளி ஆண்டு விழா நடனங்களுக்கான ட்ராக்குகள், நண்பர்களின் குறும்படங்களுக்குப் பின்னணி இசை என்று அன்றிலிருந்து என் வீட்டு அறையில் செய்ததெல்லாம் இதில்தான். அதன் மிக்ஸிங் பற்றியும் ஒலித்தரம் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். பதிவு முடிந்த ஒரு பாட்டின் அமைப்பை மாற்ற வேண்டி வரும்போது இது எப்படிக் கைகொடுக்கிறது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன். எனக்கு வேலையில் பாதி அதுதான்.

எங்கள் பக்கத்தில் அம்மன் பாட்டுப் பாடும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்காக ஆறு நிமிடத்தில் ஒரு பாட்டு செய்தேன். தவில், பம்பை, உடுக்கை, நாதஸ்வரம், ஸ்ட்ரிங்ஸ், கோரஸ் எல்லாம் சேர்த்து 18 ட்ராக், அதாவது தனித்தனியாக அடுக்கிய 18 ஒலி வரிசைகள். குரலும் பதிவாகிவிட்டது. முழுசாக ஒருமுறை கேட்டவர், "தம்பி, ரெண்டாவது பிஜிஎம் ரொம்ப இழுக்குதுப்பா, பாதியாக்கிட்டு சரணத்துக்கு வந்துடேன்" என்றார். அந்த இடையிசை நிமிடத்துக்கு 92 தட்டு வேகத்தில் 16 பார், பாருக்கு நான்கு தட்டு என்றால் கிட்டத்தட்ட 42 விநாடி. அவர் சொன்னது நியாயம்தான், அவ்வளவு நேரம் பாடகி சும்மா நிற்க முடியாது.

இந்த இடத்தில்தான் ரிப்பிள் எடிட்டிங் வருகிறது, அதாவது ஒரு பகுதியை வெட்டினால் பின்னால் இருப்பது தானாக நகர்ந்து இடைவெளியை மூடும் வசதி. அதற்கு மூன்று நிலை உண்டு. முதல் நிலையில் அது அணைந்திருக்கும். இரண்டாவதில், நாம் கை வைத்த ட்ராக்கில் மட்டும் பின்னால் இருப்பது நகரும். மூன்றாவதில் எல்லா ட்ராக்கும், நாம் போட்டு வைத்த மார்க்கர் குறிகளும் சேர்ந்தே நகரும். மூன்றாவதைப் போட்டு, எட்டு பாரைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். 21 விநாடி காணாமல் போய், சரணம் முன்னால் வந்து உட்கார்ந்தது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் உண்மையான வேலை அதற்கப்புறம்தான். பார் கோட்டில் வெட்டினால் எல்லா வாத்தியத்துக்கும் ஒரே கோட்டில் வெட்டு விழும். பாட்டோ அப்படிப் பிறப்பதில்லை. தவிலுக்கு அந்தக் கோடு சரி, பாஸுக்கும் சரி. நாதஸ்வரத்தில் நீண்டு நிற்கும் சுரம் பாதியில் அறுந்துபோனது. புதிதாக இணைந்த பகுதியில் ஸ்ட்ரிங்ஸின் எடுப்பு தாளத்துக்கு அரைத் தட்டு முன்னாலேயே தொடங்குவது, அந்தத் தொடக்கமும் வெட்டோடு போய்விட்டது. நல்ல வேளையாக ரீப்பர் வட்டில் இருக்கும் ஒலிக்கோப்பைத் தொடுவதே இல்லை. திரையில் தெரியும் துண்டு அந்தக் கோப்புக்கு ஒரு ஜன்னல் மாதிரிதான். நாதஸ்வரத் துண்டின் வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தால், வெட்டுப்பட்ட சுரத்தின் மீதி அப்படியே வெளியே வருகிறது. ஸ்ட்ரிங்ஸின் இடது ஓரத்தை இழுத்தால் எடுப்பு திரும்பக் கிடைக்கிறது. இரண்டு துண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில், முதலாவது தேய இரண்டாவது எழும் க்ராஸ்ஃபேடு தானாக விழுகிறது. தவிலுக்கு அது 5 மில்லி விநாடி இருந்தால் போதும், ஸ்ட்ரிங்ஸுக்கு அரை பார் விட்டேன். 18 ட்ராக்கையும் இப்படித் தட்டிச் சரிசெய்ய முக்கால் மணி நேரம். அந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று இன்று என்னாலேயே காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். துண்டுகளை நகர்த்தும்போது, சத்த ஏற்ற இறக்கத்துக்காக நாம் வரைந்த என்வலப் புள்ளிகளும் கூட நகர வேண்டுமா என்பதற்குத் தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. அது அணைந்திருக்கும்போது துண்டை இழுத்து நகர்த்தினால், பல்லவியில் குரலை ஏற்றி வைத்த இடம் பழைய நேரத்திலேயே நின்றுவிடும். பாட்டு நகர்ந்த பிறகு எங்கோ ஓரிடத்தில் குரல் காரணமில்லாமல் பெரிதாகக் கேட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

அமைப்பையே புரட்டிப் பார்க்க ரீஜன் வசதி. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டும் ஆரும் அழுத்தினால் ரீஜன் உருவாகும். 'பல்லவி', 'முதல் பிஜிஎம்', 'சரணம் 1' என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துவிடுவேன். மேலே இருக்கும் அந்தப் பட்டையைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் எல்லா ட்ராக்கும் சேர்ந்து வரும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் நகல் கிடைக்கும். பாட்டைப் பல்லவியில் தொடங்குவதா, கோரஸில் தொடங்குவதா என்று வாயால் விவாதிப்பதை நான் விட்டுவிட்டேன். இரண்டையும் அடுக்கிக் காட்டிவிட்டால் கேட்பவரே முடிவு சொல்லிவிடுகிறார். நடனத்துக்குச் செய்யும்போது ஒவ்வொரு ரீஜனையும் தனித்தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து ஆசிரியரிடம் கொடுக்கிறேன். பிள்ளைகள் ஒரு சரணத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக வசதியாக இருக்கிறது.

தாள விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுக்கு 7/8 என்று போட்டால் மட்டும் போதாது, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் எங்கே அழுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம். வேகத்தைக் குறிக்கும் டெம்போ மார்க்கரிலேயே அழுத்தத்தின் வடிவத்தை எழுதிவிடலாம். மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்து வைத்தால் தகிட தக திமி தெளிவாகக் கேட்கிறது. பாடுபவருக்கு ஹெட்ஃபோனில் அது ஒலித்தால் பாதித் தடுமாற்றம் போய்விடும்.

அதே டெம்போவில்தான் நான் சூடும் பட்டேன். ப்ராஜெக்ட் அமைப்பில் டைம்பேஸ் என்று ஒன்று உண்டு. மாற்றாமல் விட்டால், துண்டின் இடமும் நீளமும் வேகமும் தாளத்தைப் பின்பற்றும். குரல் பதிவுக்குப் பிறகு 92ஐ 96 ஆக்கினேன், நேரடியாகப் பாடிய குரலும் கூடவே வேகமாகிவிட்டது. உடனே கேட்டுப் பார்க்காமல் மேலே வேலை செய்துகொண்டே போய், மறுநாள்தான் கவனித்தேன். இப்போது குரல் ட்ராக்குகளின் டைம்பேஸை மட்டும் 'டைம்' என்று மாற்றி வைத்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்குகிறேன்.

மிடி, அதாவது ஒலியாக இல்லாமல் எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்புகளாகப் பதிவதைத் திருத்தும் எடிட்டர் நிறைவாக இருக்கிறது. குறிப்புகளைத் தாளக் கட்டத்துக்கு இழுக்கும் குவாண்டைஸை நான் நூறு சதவீதம் போடுவதில்லை, 60, 70 போதும். முழுசாக நேராக்கினால் பம்பையும் உடுக்கையும் உயிரில்லாமல் தட்டும். கமகத்துக்கு, சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் கோட்டைக் கையால் வரைகிறேன். அதில் மொத்தம் 16,384 படிகள், நடுப்புள்ளி 8,192. படிகள் நிறைய இருப்பதால் வழுக்கல் மென்மையாக வரும். ஆனால் வாத்தியத்தின் பெண்ட் எல்லை பெரும்பாலும் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம்தான். தோடியின் காந்தாரத்தை வரைய உட்கார்ந்தால் ஒரு வரிக்கே ஒரு மாலை போய்விடும். வயலின் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவரையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள், அதற்கு ஈடில்லை.

2023 அக்டோபரில் வந்த ஏழாம் பதிப்பில் லேன் வசதி சேர்ந்தது. ஒரே வரியை ஆறு முறை பாட வைத்தால் ஆறும் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடக்கும். எதில் எந்தச் சொல் நன்றாக வந்திருக்கிறதோ அதன் மேல் மவுஸால் தேய்த்துக்கொண்டே போனால் கடைசி வடிவம் மேலே சேர்ந்துவிடும். முன்பு எஸ் கீயைத் தட்டித் தட்டி வெட்டி, ஒவ்வொரு முறை பாடிய டேக்கையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த வேலை இது.

பணம் என்று பார்த்தால், 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். தனி ஆளுக்கான உரிமம் 60 டாலர். ஆறாம் பதிப்பில் வாங்கியது ஏழாம் பதிப்பின் கடைசி வரை செல்லும், அதனால் நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் கட்டியிருக்கிறேன். பெரிய ஒலி நூலகம் எதுவும் கூட வராது. தவிலும் நாதஸ்வரமும் வேண்டுமென்றால் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். மெனுக்கள் நீளமானவை. முதல் மாதம் பொறுமையோடு உட்கார வேண்டும், அப்புறம் கை தானாகப் போகும்.

போன மாதம் அந்த அக்கா மறுபடி கூப்பிட்டார். கோயில் கொடையில் மேடையில் பாட வேண்டுமாம், குரல் இல்லாத ட்ராக் கேட்டார், சுருதி ஒரு கட்டை குறைவாக. பழைய ப்ராஜெக்ட் திறந்தது, வெட்டுகள், ஃபேடுகள், நிறங்கள் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. ஸ்ட்ரிங்ஸ் மட்டும் ஊமை. அந்த வாத்தியத்தை லேப்டாப் மாற்றியபோது நான் மறுபடி போடவில்லை. மிடி குறிப்புகள் அப்படியே இருந்ததால் வேறொரு வாத்தியத்தை மாட்டி, இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு பாட்டு முடிந்ததும் மிடி ட்ராக் ஒவ்வொன்றையும் ஒலிக்கோப்பாக மாற்றி ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட்டுத்தான் மூடுகிறேன்.