துருவை வைத்துக்கொள்வதா, நீக்குவதா, மூடிவிடுவதா?

பழைய மண்வெட்டி, முள்வாரி, பூவாளி போன்றவற்றை வீட்டு அலங்காரமாக்க நினைப்பவர்கள் எந்தச் சுவர், எந்த உயரம் என்று யோசிப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். பொருளின் தோற்றத்தையும் ஆயுளையும் தீர்மானிப்பது அதற்கு முந்தைய ஒரு முடிவு: இரும்பில் ஏறியிருக்கும் துருவை என்ன செய்வது? வழிகள் மூன்று. துருவின் நிறத்தைக் காப்பாற்றி மெழுகு பூசலாம். அடியோடு நீக்கி இரும்பை வெளியே கொண்டுவரலாம். பெயிண்ட் அடித்து மூடலாம். நான் மெழுகுக் கட்சி. ஆனாலும் அது எல்லா இடத்துக்கும் ஒத்துவராது.

மெழுகு வழியில் வேலை குறைவு. உதிரும் செந்துருவை மட்டும் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, அடியில் இறுக ஒட்டியிருக்கும் கரும்பழுப்புப் படலத்தை விட்டுவிட வேண்டும். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு ஏறினால் இன்னும் தேய்க்க வேண்டியிருக்கிறது. சுத்தமானதும் தேன்மெழுகோ, அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களுக்குப் பூசும் நுண்படிக மெழுகோ மெல்லியதாகத் தடவித் துணியால் மெருகேற்றினால் போதும். பல ஆண்டுகள் மண்ணைக் கொத்திய மண்வெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால், இலையின் ஒரு மூலை மட்டும் அதிகம் தேய்ந்து விளிம்பு கோணலாக இருக்கும்; காம்பில் கை பிடித்த இடம் மட்டும் கருத்து வழவழத்திருக்கும். இந்த அடையாளங்கள் அழியாமல் இருப்பது மெழுகில்தான்.

மெழுகுக்குப் பதில் வார்னிஷ் அடித்தால் என்ன என்று கேட்பார்கள். பளபளப்பு வரும். ஆனால் கீறல் வழியாக ஈரம் உள்ளே போனால், படலத்துக்கு அடியில் துரு வளரத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் பொருள் என்பதால் மேல்படலத்தைத் தூக்கி உரித்துவிடும். மெழுகு தேய்ந்தால் மறுபடி தடவிக்கொள்ளலாம். உரிந்த வார்னிஷைச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

துருவை முழுதாக நீக்க எளிய பொருள் வினிகர். சாதாரண வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலான துரு போய்விடும். மிஞ்சிய அமிலத்தைச் சமையல் சோடா கரைத்த நீரில் போக்கி, கழுவிய கையோடு உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். அசட்டையாக விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிய துரு ஆரஞ்சு நிறத்தில் படரும். இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது பெரும்பாலும் மங்கிய சாம்பல் நிறம். உளி அடையாளமோ தயாரிப்பாளர் முத்திரையோ துருவுக்குள் புதைந்திருந்தால் மட்டுமே இந்த உழைப்பு தகும்.

ஓர் எச்சரிக்கை: துத்தநாக முலாம் பூசிய பூவாளியை வினிகரில் போடவே கூடாது. துருவோடு முலாமையும் அமிலம் கரைத்துவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

பெயிண்டை நான் கடைசியில்தான் வைப்பேன். நீல நிறத்தில் மின்னும் களைக்கொத்தைப் பழைய கருவியிலிருந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லையே! ஆனால் குளியலறை, மழைச்சாரல் படும் வராந்தா போன்ற ஈரமான இடங்களில் மெழுகு தாக்குப்பிடிக்காது. அங்கே துருத்தடுப்பு பிரைமரும் எனாமல் பெயிண்டும்தான் ஜெயிக்கும். கருவியில் ஏற்கெனவே பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள்.

மரக்காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது, வெடிப்பு தெரிந்தாலும் அழகாகவே இருக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் நீரில் முக்கிவையுங்கள்.

இனி, எதை எதுவாக்குவது? முள்வாரியின் தலையைச் சாவி, பை, தொப்பி மாட்டும் கொக்கியாக்குவதை எதுவும் மிஞ்ச முடியாது. பற்கள் வளைந்தே பிறந்தவை. வெட்டவோ ஒட்டவோ வேண்டியதில்லை. கனமான இரும்பு என்பதால் சுவர்த் துளையில் ராவல் பிளக் (ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும் சிறு குழல்) போட்டு ஸ்குரூவால் முடுக்க வேண்டும். பல் நுனிகளை அரத்தால் மழுக்கிவிட்டு, கண் உயரத்தைத் தவிர்த்து மாட்ட வேண்டும்.

பூவாளி விளக்கு படத்தில் அழகு. ஆனால் உலோக உடலுக்குள் மின்கம்பி என்றால் எர்த் இணைப்பு அவசியம். எலக்ட்ரீஷியன் இல்லாமல் கைவைக்கக் கூடாது. பேட்டரியில் எரியும் எல்.இ.டி. சரத்தை உள்ளே போடுவது வம்பில்லாத வழி. பூந்தொட்டியாக்குவது இதைவிட நல்லது என்றாலும், அடியில் துளை போட்டால் முலாம் அறுந்த விளிம்பிலிருந்து துரு தொடங்கும். செடியைத் தனித் தொட்டியில் வைத்துப் பூவாளிக்குள் இறக்கிவிடலாம்.

செடி வெட்டும் பெரிய கத்தரி சட்டத்துக்குள் கம்பீரமாக இருக்கும். அதன் அலகுகளை மூடிக் கம்பியால் இறுக்கிக் கட்டிய பிறகே சுவருக்குக் கொண்டுபோங்கள். பழைய கத்தரியின் மூட்டு தளர்ந்திருப்பது சகஜம்.