புறக்கோட்டையில் சீசன் வேலைக்குப் போகும் ஓ.எல் பிள்ளைகளுக்கு

ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதி முடித்தால் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில்தான் இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் நிறையப் பேர் அந்த நாட்களில் ஏதாவது வேலை தேடினார்கள். ஏ.எல் (உயர்தர) டியூஷனுக்கு முதல் மாதக் காசையாவது நானே கட்ட வேண்டும் என்று எனக்கும் ஆசை. சித்திரைப் புத்தாண்டு சீசன் வேறு. கொழும்பு புறக்கோட்டை பிரதான வீதிப் பக்கம் ஓர் உடுப்புக் கடையில் 'விற்பனைக்கு ஆட்கள் தேவை, மாணவர்களும் வரலாம்' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே போய்க் கேட்டேன்.

மனேஜர் நல்லபடியாகத்தான் பேசினார். "தம்பி, ஒரு நாளைக்கு 1,500 தருவோம். பகல் சாப்பாடு கடையில. சீசன் முடிஞ்சதும் மொத்தமா கையில வாங்கிக்கலாம்" என்றார். என் அடையாள அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார். வேலை முடியும்போது தருவதாகச் சொன்னார். ஓ.எல் எழுதுவதற்காக எடுத்த புது அட்டை அது. கொடுக்கும்போதே மனதுக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் முதல் வேலை என்பதால் வாய் திறக்கவில்லை.

15 நாள் வேலை செய்தேன். ஒரு நாள்கூட லீவு இல்லை. காலை 9 மணிக்குப் போனால் இரவு 9 மணி, கடைசி வாரத்தில் 10 மணியும் தாண்டும். மேல் மாடி ஸ்டோரிலிருந்து உடுப்பு மூட்டைகளை இறக்குவது, வாடிக்கையாளர் கலைத்துப் போட்டதை மடித்து அடுக்குவது, சாரம் எடுத்துக் காட்டுவது எல்லாம் நாங்கள் நான்கு பொடியன்கள்தான். பகல் பார்சலைப் பிரித்துப் பாதி சாப்பிடும்போதே கூப்பிடுவார்கள். காசு வரப்போகிறது என்ற நினைப்பில் அதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை.

புத்தாண்டுக்கு முந்திய இரவு கையில் தந்தது 9,500 ரூபாய். 22,500 வர வேண்டுமே என்று கேட்டேன். முதல் 5 நாள் பயிற்சியாம், அதற்குச் சம்பளம் இல்லையாம். 7,500 போனது. கடையின் பெயர் போட்ட டீ-சேர்ட்டுக்கு 2,500. கணக்கில் இரண்டு சேர்ட் குறைகிறது என்று 3,000. அந்தச் சேர்ட்டுகளை நான் பார்த்ததே இல்லை. மற்ற மூன்று பேருக்கும் அதே மாதிரி வெட்டினார்கள்.

என்னால் தாங்க முடியாமல் போனது அந்தப் பயிற்சிக் கதைதான். முதல் நாள் காலை 9.10க்கே என்னைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. அந்த 5 நாளும் நான் எடுத்துக் காட்டிய உடுப்புகளுக்குக் கடை காசு வாங்கியது. பயிற்சி என்ற வார்த்தையையே சம்பள நாளில்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

கடை திரும்பத் திறந்ததும் அம்மா வந்து கேட்டார். "இவன் வேலைக்காரன் இல்லை அக்கா, சும்மா உதவிக்கு வந்த பிள்ளை" என்று என் கண் முன்னாலேயே மனேஜர் சொன்னார். அடையாள அட்டையை மட்டும் திருப்பித் தந்தார்.

அப்புறம் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். தற்காலிக வேலை என்றாலும் கடையில் வேலை செய்பவருக்கு நியமனக் கடிதம் தர வேண்டும். 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000, நாளுக்கு 1,200. அதாவது 1,500 என்று பேசியதே பொய் என்று வைத்தாலும், மேலதிக நேரத்தைச் சேர்க்காமலே 15 நாளுக்கு 18,000 வர வேண்டும்.

ஆனால் நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது தடுமாறிப் போனேன். 'நாளைக்கு 8.30க்கு வாங்க' என்று மனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்றும், அந்த டீ-சேர்ட்டுடன் நாங்கள் எடுத்த படமும்தான் இருந்தன. அவற்றை வைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் போகிறீர்கள் என்றால் முதல் நாளே சம்பளம், நேரம், எந்த நாளிலிருந்து கணக்கு என்பதை மெசேஜிலாவது எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே திரும்பி வாருங்கள், வேறு கடை இருக்கிறது. அடையாள அட்டையின் போட்டோப் பிரதி மட்டும் கொடுங்கள். வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் போனில் குறித்து வையுங்கள். சம்பளத்தைக் கடைசிவரை விடாமல் வாரத்துக்கு ஒருமுறை கேளுங்கள், ஏமாற்றுகிறவர்களாக இருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். 16 வயது ஆகாத தம்பி தங்கைகளை அனுப்பவே வேண்டாம். வேலைக்கு எடுக்கும் வயதை 2021இல் 16 ஆக்கிவிட்டார்கள், அதற்குக் கீழே எடுக்கிற கடை எதற்கும் தயங்காது.

போன கிழமை அந்தப் பக்கம் போனேன். அதே கதவில் அதே கையெழுத்தில் புது அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. போன சீசனில் அங்கே வேலை செய்த வேறு யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த தடவை நாரஹேன்பிட்டிக்கு எல்லாரும் சேர்ந்து போவோம்.