மார்ட்டின் பாரின் கறுப்பு-வெள்ளை ஆண்டுகள்: 'தி நான்-கன்ஃபார்மிஸ்ட்ஸ்'

பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் மார்ட்டின் பார் என்றதும் பலருக்கு நினைவில் எழுபவை பளீரென்ற வண்ணங்களும், பட்டப்பகலிலும் அடிக்கும் ஃபிளாஷ் வெளிச்சமும், கடற்கரையில் குப்பைகளுக்கு நடுவே ஐஸ்கிரீம் தின்னும் ஆங்கிலேயக் குடும்பங்களும்தான். 1986-இல் வெளியான 'தி லாஸ்ட் ரிசார்ட்' அவருக்குப் பெரும் புகழைத் தந்தது; எளிய மனிதர்களை ஏளனம் செய்கிறார் என்ற பழியும் அந்த நூலோடுதான் வந்தது. 1994-இல் அவரை மேக்னம் என்ற ஒளிப்படக் கலைஞர்களின் கூட்டமைப்பில் முழு உறுப்பினராகச் சேர்த்தபோது, அதன் மூத்த ஒளிப்படக் கலைஞர்கள் சிலரே கடுமையாக எதிர்த்தனர். அந்தப் பழியை நம்புகிறவர்கள், 2013-இல் அப்பெர்ச்சர் நிறுவனம் வெளியிட்ட 'தி நான்-கன்ஃபார்மிஸ்ட்ஸ்' நூலைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

1975-இல், கலைக்கல்லூரிப் படிப்பு முடிந்து சில காலமே ஆகியிருந்த பார், யார்க்‌ஷயரின் பென்னைன் மலைப்பகுதியில் உள்ள ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் குடியேறினார். கார்டுராய் போன்ற முரட்டுத் துணிகளுக்குப் பெயர்போன அவ்வூரில் ஆலைத்தொழில் நலிந்துகொண்டிருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையில் சேராமல் தனித்து நின்ற மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளின் சிற்றாலயங்களில் வழிபட வருவோரும் குறைந்துகொண்டிருந்தனர். அந்தச் சபைகளைக் குறிக்கும் சொல்லே நூலின் தலைப்பு. ஐந்தாண்டுகள் அங்கே எடுத்த படங்களோடு, பின்னாளில் அவருடைய மனைவியான சூசி எழுதிய பதிவுகளும் இடையிடையே இடம்பெற்றிருக்கின்றன.

நூலின் உயிர் விருந்துப் படங்களில் இருக்கிறது. டாட்மார்டன் என்ற ஊரின் மேயர் பதவியேற்பு விருந்தில் கோட்டும் நல்லாடையும் அணிந்த பெரிய மனிதர்கள், அடுத்த சுற்று வரும்வரை பொறுக்கமாட்டாதவர்களைப் போல மேசையைச் சூழ்ந்து தட்டுகளை நிரப்புகிறார்கள். ஸ்டீப் லேன் பாப்டிஸ்ட் ஆலயத்தின் மதிய உணவிலும் இதே ஆவல்தான். ஆனால் அங்கே கொஞ்சம் பக்தி கலந்திருக்கிறது. 1977-இல், அரசி எலிசபெத்தின் ஆட்சி வெள்ளிவிழாவுக்காக எல்லண்ட் ஊரில் தெருவில் போட்ட விருந்து மேசைகள் மழையில் நனைந்து கிடக்க, உட்கார ஓர் ஆளும் இல்லை. பிற்காலத்து வண்ணப்படங்களில் நாம் காணும் அதே குறும்பு இங்கேயே முழுதாக வளர்ந்திருக்கிறது. ஈஸ்டர் திங்களன்று ஒன்றுகூடும் 'மனைவிக்கு அடங்கியோர் சங்க'த்துக் கணவர்களை அவர் விட்டுவைப்பாரா என்ன!

ஆக, கறுப்பு-வெள்ளைக் காலத்துப் பார் சாதுவாக இருந்து, வண்ணத்துக்கு மாறிய பிறகே நக்கல்காரரானார் என்று சொல்வதற்கு இந்நூல் இடம் தரவில்லை. வேறுபாடு அவர் நின்ற இடத்தில்தான் இருக்கிறது. கிரிம்ஸ்வொர்த் டீன் என்ற பள்ளத்தாக்கில் இருந்த சிறிய மெதடிஸ்ட் ஆலயத்தின் ஓராண்டு வாழ்க்கையை அவரும் சூசியும் உடனிருந்து பதிவு செய்தார்கள். காலியான மரப்பெஞ்சுகளுக்கு நடுவே தொப்பியுடன் அமர்ந்திருக்கும் முதியவர்கள் கேமராவைப் பொருட்படுத்தவே இல்லை. அந்த அலட்சியம் பழகிய ஆளுக்கு மட்டுமே கிடைக்கும். பாரின் தாத்தா ஜார்ஜும் யார்க்‌ஷயர்க்காரர், மெதடிஸ்ட் உபதேசியார், பொழுதுபோக்காகப் படம் எடுத்தவர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலேயர்களின் விசித்திரப் பழக்கங்களை 1960-களில் படமாக்கி இளவயதிலேயே மறைந்த டோனி ரே-ஜோன்ஸின் பாதிப்பு சில பக்கங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது. பனிமூட்டமும் கல்வேலிகளும் நிறைந்த நிலக்காட்சிகள், அழிவதெல்லாம் அழகு என்ற ஏக்கத்தில் சற்று அதிகமாகவே தோய்ந்திருக்கின்றன; அவற்றில் சிலவற்றை நீக்கியிருந்தால் நூல் இறுகியிருக்கும். சூசியின் பத்திகள் முதல் வாசிப்பில் படங்களின் ஓட்டத்தை இடைமறிப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் மனிதர்களின் வீட்டையும் தொழிலையும் நடத்தையையும் நிதானமாக விவரிக்கும் அந்த உரைநடையைப் படித்த பின், முன்பு வெறும் வேடிக்கையாகப் பட்ட முகங்கள் வேறுவிதமாகத் தெரிகின்றன.

ஒளிப்படம் பயில்கிறவர்கள் இதைத் தனியாக வாங்குவதைவிட, முடிந்தால் 'தி லாஸ்ட் ரிசார்ட்' நூலுடன் சேர்த்து வாங்கி, இதை முதலில் பார்ப்பது பயன்தரும். கேமரா, ஃபிலிம், அச்சுமுறை பற்றிய தகவல்களைத் தேடுகிறவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது.