விடுபட்ட வாரத்தை எந்தப் பள்ளி திருப்பித் தரும்? பெங்களூரில் இரண்டு பாடத் திட்டங்கள், ஓர் ஒப்பீட்டு அலசல்

மகளை முதல் வகுப்பில் சேர்ப்பதற்காகச் சர்ஜாபுரச் சாலைப் பக்கமுள்ள பள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தபின் எங்கள் பட்டியலில் இரண்டு மட்டும் எஞ்சின. கட்டணம், பள்ளி வண்டி வரும் நேரம், மைதானத்தின் அளவு, வகுப்பில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லாததால் அவற்றை இங்கே விரிக்கவில்லை. வேறுபாடு இருந்தது ஒன்றில்தான்: ஒரு வாரத்தில் எதைக் கற்பிப்பது, அடுத்த வாரத்தை அதன்மேல் எப்படி அடுக்குவது என்பதில். ஒரு பள்ளி கருப்பொருளை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் அதைச் சுற்றி நடத்துகிறது. மற்றது ஒவ்வொரு பாடத்தையும் அதனதன் வரிசையில் கொண்டுசெல்கிறது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். மகள் இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே வாசிக்கலாம்.

கருப்பொருள் முறை பெங்களூரில் பரவியதற்கு ஐபி எனப்படும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் தொடக்கநிலைத் திட்டம் ஒரு முக்கியமான முன்மாதிரி. அதில் ‘நாம் யார்’, ‘உலகம் எப்படி இயங்குகிறது’ என்பன போன்ற ஆறு பெருங்கருப்பொருள்கள் உண்டு. ஒவ்வொன்றும் சில வாரங்கள் நீளும். நாங்கள் பார்த்த பள்ளி ஐபி பள்ளி அல்ல. அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மழை, சந்தை, வண்டிகள், நம் வீடு என்று சிறு துண்டுகளாக்கி வைத்திருக்கிறது. மற்றப் பள்ளி மத்திய அரசின் கல்வி அமைப்பான என்சிஇஆர்டியின் நூல்களைப் பின்பற்றுகிறது. 2022இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி முதல் இரண்டு வகுப்புகளுக்கான புதிய நூல்கள் 2023இல் வந்தன. மூன்றாம் வகுப்புக்கு 2024இல் வந்தன. பழைய நூல்களை நினைவில் வைத்துக்கொண்டு இவற்றை எடைபோடக் கூடாது. முதல் வகுப்புக் கணித நூல் எண்களில் தொடங்காமல், உள்ளே வெளியே, மேலே கீழே என்று பூனையைத் தேடும் விளையாட்டில்தான் தொடங்குகிறது.

இரண்டு பள்ளிகளும் வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோருக்கு ஒரு மடல் அனுப்புகின்றன. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள நண்பரின் மகன் கருப்பொருள் பள்ளியில் படிப்பதால், ஒரே வாரத்தின் இரு மடல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைத்தது. முதல் வகுப்பின் ஜூலை மாத மடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நண்பருக்கு வந்ததில் அந்த வாரத்தின் கருப்பொருள் மழை: ஆங்கிலத்தில் மழைப் பாட்டு, கணக்கில் புட்டியில் சேர்ந்த மழைநீரை அளந்து ஒப்பிடுதல், கன்னடத்தில் மளே, மோட, கொடே என்று மழை, மேகம், குடை ஆகியவற்றுக்கான சொற்கள், ஓவியத்தில் காகிதக் கப்பல். எங்களுக்கு வந்தது வறண்ட மடல்: கணக்கில் பத்தை உருவாக்குதல் (நூலின் பக்க எண்ணுடன்), ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தரும் சொற்கள், கன்னடத்தில் ஐந்து எழுத்துகள். வாசிக்க இனிமையானது நண்பரின் மடல்தான். அதை மறுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பள்ளி விடுமுறை நாள்களும் நம் ஊர் நாள்களும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. சங்கராந்திக்கு இங்கே ஒருநாள் விடுமுறை விட்டால் அதிகம்; நாமோ போகிக்கு முன்பே ஊருக்குப் போனால் காணும் பொங்கல் முடிந்துதான் பேருந்து ஏறுவோம். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணங்கள் வரும். மழைக்காலத்தில் வகுப்பு முழுவதையும் சுற்றிவரும் காய்ச்சலும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களை வரையறுக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்று கொண்டால் நாற்பது வாரங்கள். அதில் ஒரு வாரம் போனால் நாற்பதில் ஒன்றுதானே என்று தோன்றும். எந்த ஒன்று போனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனவே இரண்டு திட்டங்களையும் நான் ஒரே கேள்வியைக் கொண்டுதான் அளந்தேன்: பிள்ளை ஒரு வாரம் வரவில்லை என்றால், அந்த வாரம் எப்படித் திரும்பக் கிடைக்கும்?

இரண்டாம் வகுப்பின் தை மாத வாரத்தைப் பார்ப்போம். எங்கள் மடலில் ‘இனமாற்றத்துடன் கழித்தல், தீக்குச்சிக் கட்டுகளைக் கொண்டு’ என்று இருந்தது. அதாவது 42இலிருந்து 17ஐக் கழிக்க ஒரு பத்துக் கட்டை அவிழ்த்து ஒன்றுகளோடு சேர்ப்பது. ஊரில் திண்ணையில் உட்கார்ந்தே அதைச் செய்துகாட்ட முடிந்தது. பாட்டி தனக்குத் தெரிந்த ‘கடன் வாங்கும்’ முறையைச் சொல்லத் தொடங்கியபோது, மிஸ் கட்டை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார் என்று பிள்ளையே மடலைக் காட்டினாள். நண்பரின் மடலில் அதே வாரத்தில் ‘சந்தை வைத்து எள்ளும் வெல்லமும் வாங்கி விற்றோம், மீதிச் சில்லறை கணக்கிட்டோம்’ என்று இருந்தது. அந்தச் சில்லறைக் கணக்குக்குள்தான் இனமாற்றக் கழித்தல் முதன்முறையாக அறிமுகமாகியிருக்கிறது. மடலை வாசிக்கும் எவருக்கும் அது தெரிய வழியில்லை. சந்தை விளையாட்டு ஒன்று போனது, அடுத்த ஆண்டு விளையாடிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். கருப்பொருள்கள் தனித்தனியாக இருப்பதால் ஒன்று விடுபட்டாலும் நட்டமில்லை என்று பள்ளியிலும் சொன்னார்கள். கருப்பொருளைப் பொறுத்தவரை அது சரிதான். அதனுள் ஒளிந்திருக்கும் திறன் தனித்தனியானது அல்ல; அது சங்கிலி.

வரிசை முறையிலும் சங்கிலி அறுபடும். அங்கே அது கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் வேறுபாடு. தெரிவது மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். முதல் வகுப்புக் கணித நூலில் பதின்மூன்று பாடங்கள். ஒன்று முதல் ஒன்பது, பத்து முதல் இருபது, ஓரிலக்கக் கூட்டல் கழித்தல், இருபது வரையிலான கூட்டல் கழித்தல், அளவை என்று நகர்ந்து, அதன்பின் 21 முதல் 99 வரை வருகிறது. கடைசியில் பணமும், பொம்மைகளை எண்ணி வகைப்படுத்தும் பாடமும் இருக்கின்றன; இந்த இரண்டிலும் முன்பு படித்த எண்கள் மறுபடி கைக்கு வருகின்றன. எங்கள் பள்ளி இதோடு நிற்காமல், நான்கு வாரங்களுக்குப்பின் ஐந்தாவது வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காமல் பின்னோக்கிப் போகிறது. சேர்க்கைக்கு முன் இதைக் கேட்டபோது, அந்த வாரத்தை வீண் என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். எங்களுக்கு முடிவெடுக்க உதவியது அந்த வாரம்தான்.

வீட்டுப் பாடம் கொடுத்துச் சரிசெய்யட்டுமே என்று சிலர் கேட்கலாம். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. அது நல்ல விதி என்பதே என் எண்ணம். ஆனால் அதன் விளைவாக, வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு வெள்ளிக்கிழமை மடலைத் தவிர வீட்டில் வேறு சாட்சி இல்லை. மடலில் திறனின் பெயர் இல்லையென்றால் நாம் இருட்டில்தான் நிற்கிறோம்.

கன்னடத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழி கற்றல் சட்டப்படி, 2017-18 கல்வியாண்டு தொடங்கிப் படிப்படியாக, எந்த வாரியப் பள்ளியாக இருந்தாலும் முதல் வகுப்பிலிருந்து கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருக்க வேண்டும். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இது எளிதும் கடினமும் கலந்தது. சொற்கள் உறவுக்காரச் சொற்கள்; எழுத்துகளோ நாம் ஒரு க எழுதும் இடத்தில் நான்கு கேட்பவை. மகளின் வகுப்பில் அகர வரிசையில் தொடங்கவில்லை. ர, ‘தங்கம்’ என்பதில் ஒலிக்கும் க, ஸ, ‘பந்து’ என்பதில் ஒலிக்கும் த, அ ஆகிய ஐந்தும்தான் முதல் கட்டம். கால், கொம்பு போன்ற உயிர்க்குறி எதுவும் வேண்டாத இந்த ஐந்தையும் வைத்து அரஸ, ஸர, கரகஸ என்று அரசனையும் மாலையையும் ரம்பத்தையும் அந்த வாரமே வாசித்துவிடலாம். அடுத்த வாரம் புதிய எழுத்துகள் வரும்போதும் சொற்களில் பழையவை கூடவே வருவதால், காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை தனியாக யாரும் சொல்லித்தராமலே பாதியைப் பிடித்துக்கொள்கிறாள். மளே, மோட, கொடே முறையில் உயிர்க்குறி தெரியாத நிலையிலேயே முழுச் சொல்லின் உருவத்தை மனத்தில் பதிக்க வேண்டியிருக்கிறது. மழை வாரம் முடிந்தால் அந்தக் குடை மறுபடி விரியப் பல மாதங்கள் ஆகும்.

எங்களுக்கு இதில் எதிர்பாராத ஒரு வசதியும் இருந்தது. இரண்டு பள்ளிகளிலும் தமிழ் இல்லை. அது சனி, ஞாயிறுகளில் எங்கள் பொறுப்பு. கன்னடத்தில் காகுணிதம், அதாவது நம் உயிர்மெய் வரிசைக்கு ஒப்பானது, எந்த வாரத்தில் தொடங்குகிறது என்பது மடலில் இருந்ததால், அதே வார இறுதியில் தமிழிலும் கா, கி, கீ தொடங்கினோம். இரண்டு எழுத்து முறைகளிலும் குறி என்பது ஒரே வேலையைச் செய்கிறது என்பதை அவள் தானே கண்டுகொண்டாள்.

கருப்பொருள் பள்ளியின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. நண்பரின் மகன் கூச்சமின்றிப் பேசுகிறான். மழைநீர் எங்கே போகிறது என்று அவன் கேட்டது போன்ற கேள்வி எங்கள் வீட்டில் அந்த வயதில் எழவில்லை. ஊர்ப் பயணமே இல்லாத, வருகைப் பதிவு நிறைந்த பிள்ளைக்கு அந்த முறை நன்றாகவே அமையக்கூடும். மடலின் அடியில் ‘இந்த வாரத்தின் திறன்கள்’ என்று மூன்று வரி சேர்த்தால் என் மறுப்பில் பெரும்பகுதி போய்விடும். அப்படிச் சேர்க்கும் பள்ளிகளும் இருக்கலாம். நான் அருகிலிருந்து பார்த்தது ஒன்றைத்தான்.

என் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால், இரண்டையும் விட மேலே நிற்கும் மூன்றாவது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது கர்நாடக அரசுப் பள்ளிகளின் ‘நலி கலி’, அதாவது மகிழ்ந்து கற்கும் முறை. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவான முறையைப் பார்த்து, யுனிசெப் உதவியுடன் 1995இல் மைசூரு மாவட்டத்து எச்.டி.கோட்டே வட்டத்தில் தொடங்கி, பின்பு மாநிலம் முழுவதும் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பரவியது. அதில் வாரம் என்ற அலகுக்கே பெரிய மதிப்பில்லை. சுவரில் கற்றல் ஏணி இருக்கும். படிக்கு ஏற்ற அட்டைகள் இருக்கும். வராமல் இருந்த பிள்ளை திரும்பி வந்ததும் விட்ட அட்டையிலிருந்து தொடரும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் அதே ஊற்றிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பதும் ஏறக்குறைய இதே கவலைக்கான விடைதான். நாங்கள் அங்கே சேர்க்காததற்குக் காரணம் பாடத்திட்டம் அல்ல. எந்த ஆண்டும் புணேக்கோ ஐதராபாத்துக்கோ மாற்றலாகக்கூடிய வேலை. ஒரே ஆசிரியர் எல்லாப் படிகளையும் ஒரே அறையில் நடத்துவது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை அங்கே பிள்ளையைச் சேர்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் சுற்றுச்சூழல் தனிப் பாடமாக வந்தபின் நிலைமை சற்று மாறியிருக்கிறது. அந்தப் பாடத்தில் எங்கள் பள்ளியும் பாதிக் கருப்பொருள் முறைக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு வாரம் விடுபட்டபோது நாங்கள் அலட்டிக்கொள்ளவில்லை. நான்கு, ஐந்தாம் வகுப்புகளைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் அனுபவம் இல்லை.

சேர்க்கைக்காகப் போகிறவர்கள் ஆண்டுத் திட்டத்தைக் கேட்பதில் பயன் குறைவு. எல்லாப் பள்ளியிலும் அது அழகாகவே இருக்கும். சென்ற ஜனவரியில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு அனுப்பிய மடல்களைக் கேளுங்கள். இரண்டாவது வாரத்தில் உள்ள ஏதாவது ஒரு திறனை எடுத்து, அது மூன்றாவதிலோ நான்காவதிலோ எந்த வடிவத்தில் மறுபடி வருகிறது என்று வகுப்பாசிரியரிடமே கேளுங்கள். நாங்கள் கேட்டபோது ஓர் ஆசிரியர் நூலைப் பிரித்துப் பக்கத்தைக் காட்டினார். மற்றவர், பிள்ளைகள் தாமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்றார்.